ஒத்தையா, ரெட்டையா?

தாமலிலிருந்து அத்தை காலங்கார்த்தாலே போன் பண்ணினால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, ஏரிக்குத் தண்ணீர் வந்திருக்கும். இல்லாவிட்டால், உறவில் யாராவது போயிருப்பார்கள். 2023 ஐப்பசியில் வந்த போனில் இரண்டுமே இருந்தன.

"ஏரிக்குத் தண்ணி வர ஆரம்பிச்சிடுச்சுப்பா. ராத்திரி பூரா இடி, மின்னல். கரண்ட் போயிப் போயி வந்துச்சு" என்றவர், சற்று நிறுத்தி, "மாமா பொட்டி போயிடுச்சுடா" என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏனென்றால் அந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்த மகானுபாவன் நான்தான்.

தாமல் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஊர். பெரிய ஏரி. வராகீஸ்வரர் கோயில். வராக அவதாரம் எடுத்த பெருமாள் இங்கே வந்து சிவனைப் பூஜித்தார் என்று ஸ்தல புராணம். கடலுக்கடியில் போன பூமியையே மூக்கில் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். தொலைந்ததை மீட்கிற டிபார்ட்மென்ட்டுக்குப் பொருத்தமான ஊர்தான். ஆனால் அவர் அவதாரம். நான் பி.காம்.

மாமா பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறவர். கட்டம் போட்ட கிராஃப் காகிதத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கலர் அடித்து கரை, முந்தி எல்லாம் வரைவார். ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கிற இடம். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூன்றாவது கண் வந்துவிடும். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, அன்னபட்சி என்று நாற்பது வருஷ உழைப்பு, மூன்று டிரங்குப் பெட்டிகளில் இருந்தது.

2015-ல் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் கரையான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. உலகத்தில் எல்லாம் தெரிந்திருந்த வயது. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம் மாமா" என்றேன். ஒரு கோடை முழுக்க ஸ்கேன் செய்தோம். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, நாலு ஹார்டு டிஸ்க் மாட்டி, கையைத் தட்டிக்கொண்டு, "ரெய்டு போட்டாச்சு மாமா" என்றேன்.

மாமா பதறிப் போனார். "நம்ம வீட்ல எதுக்குடா ரெய்டு? கணக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வருமான வரிக்காரர்கள் வருகிற ரெய்டு இல்லை இது. 1988-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் வைத்த பெயர். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டுக் குடும்பமாக வைத்து வேலை வாங்குவது. ஒன்று படுத்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். இதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்கி மாட்டலாம். லினக்ஸில் அதுவும் வேண்டாம், சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். இலவசம். பி.காம்.காரனுக்கு இந்தக் கடைசி வார்த்தை ரொம்பப் பிடிக்கும்.

எப்படித் தாங்கும்? சின்ன வயசில் புளியங்கொட்டை வைத்து ஒத்தையா, ரெட்டையா ஆடியிருப்பீர்களே, அதுதான். மூன்று பிள்ளைகள் கையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கொட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாலாவது பிள்ளை எல்லோர் கையையும் பார்த்துவிட்டு மொத்தம் ஒத்தையா ரெட்டையா என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறான். இப்போது ஒருவன் வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று வையுங்கள். மிச்சம் இரண்டு பேர் கையைத் திறந்து பார்த்து, சீட்டையும் பார்த்தால், ஓடியவன் கையில் கொட்டை இருந்ததா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ரெய்டு ஐந்து என்பது இவ்வளவுதான். சீட்டு எழுதுகிற வேலையை மட்டும் நாலு டிஸ்க்கும் முறை வைத்துச் செய்யும்.

மாமா இதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பேரு ஓடிட்டா?"

"ரெண்டு எப்படி மாமா ஒரே நேரத்துல போகும்?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே இந்தக் குப்பை எதுக்கு?" என்று கிராஃப் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னதும் நான்தான். 31 கிலோ. கிலோ எட்டு ரூபாய். 248 ரூபாய்க்கு எல்லோரும் போண்டாவும் டீயும் சாப்பிட்டோம். நான் நாலு போண்டா.

மாமா 2021-ல் காலமானார். இப்போது அந்தப் பெட்டியும்.

*

அடுத்த பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் பெட்டியின் நெற்றியில் அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு டிஸ்க்குகள் காணோம் என்று சொல்லியது லினக்ஸ்.

இரண்டும் ஒரே நேரத்தில் போகவில்லை. மூன்றாம் நம்பர் டிஸ்க் தை மாதமே விலகியிருக்கிறது. மற்ற மூன்றும் ஒன்பது மாதம் ஒத்தையா ரெட்டையா கணக்குப் போட்டே காலத்தை ஓட்டியிருக்கின்றன. இடி இடித்த ராத்திரியில் இரண்டாம் நம்பரும் மயக்கம் போட்டதும் குடும்பம் கலைந்துவிட்டது.

ஒன்பது மாதம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? பெட்டி சும்மா இருக்கவில்லை, பாவம். 'ஒரு டிஸ்க் போய்விட்டது, உடனே கவனிக்கவும்' என்று தினமும் ஒரு தபால் எழுதியிருக்கிறது. யாருக்கு? 'ரூட்' என்ற லினக்ஸ் முதலாளிக்கு. அந்த முதலாளி பெட்டிக்குள்ளேயே இருக்கிற ஒரு பெயர். அவருடைய தபால் பெட்டியும் உள்ளேயே இருக்கிறது. வெளியே என் விலாசத்துக்குத் திருப்பிவிட ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். 2015-ல் போண்டா சாப்பிடப் போய்விட்டேன். இருநூற்றுச் சொச்சம் தபால்கள், பிரிக்கப்படாமல்.

இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. நாலு டிஸ்க்கையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனி சரக்காக வாங்கியிருந்தேன். ஒரே நாளில் பிறந்து, ஒரே மேஜைக்கடியில் ஒரே வெயிலில் எட்டு வருஷம் ஓடியவை, ஒரே சமயத்தில் கிழடு தட்டாமல் என்ன செய்யும்?

அத்தை மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மகள் வயிற்றுப் பேத்திக்குத் தையில் கல்யாணம். அவள் பிறந்த வருஷம், 1999-ல், மாமா ஒரு கரை வரைந்து வைத்திருந்தார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற அன்னபட்சி. 'இவ கல்யாணத்துக்குத்தான் இது தறி ஏறணும்' என்று யாருக்கும் தராமல் வைத்திருந்த டிசைன். நாலு ஷீட்.

"அது உள்ளதானே இருக்கு?" என்றார்.

"இருக்கு அத்தை" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

*

உள்ளூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒரு தம்பி வந்து பார்த்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். மறுபடி புதுசா கிரியேட் குடுத்துடுங்க. அதுவே சேர்ந்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி பன்னிரண்டு மணி. கமாண்டை டைப் செய்துவிட்டேன். என்டர் தட்டுவதுதான் பாக்கி. அத்தை காபியோடு வந்து திரையைப் பார்த்தார்.

"என்னாடா எழுதியிருக்கே?"

"புதுசா ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன் அத்தை."

"அப்ப பழசு எங்க போவும்?"

விரலை எடுத்தேன். படிப்பு ஐந்தாங்கிளாஸ். கேள்வி எம்.எஸ்ஸி.

புதிதாக கிரியேட் கொடுத்தால், ஒவ்வொரு டிஸ்க்கின் தலையிலும் எழுதியிருக்கிற பழைய ஜாதகத்தின் மேல் புது ஜாதகம் எழுதிவிடும். டிஸ்க்குகளின் வரிசை ஒன்று மாறினாலும், பழைய கணக்கின் மேல் தப்பான கணக்கைப் போட ஆரம்பித்துவிடும். பிறகு வராகரே வந்தாலும் கஷ்டம். டேட்டா போகிறவர்களில் பலருக்கு டிஸ்க் கெட்டதால் போவதில்லை. கெட்ட பிறகு பதற்றத்தில் செய்கிற வைத்தியத்தால் போகிறது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் முதல் வேலையாக ஒவ்வொரு டிஸ்க்கிலும் நம்பர் எழுதி ஒட்டினேன். அத்தை அதற்கும் பொட்டு வைத்தார். ஒன்றாம் டிஸ்க்குக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு என்று எண்ணி வைத்தார். என் சீட்டு ஒன்று உரிந்து விழுந்தபோது அந்தப் பொட்டுதான் காப்பாற்றியது.

அடுத்து, ஜாதகம் பார்த்தல். லினக்ஸில் 'எம்டிஏடிஎம்' என்று ஒரு கருவி. நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர் 2001-ல் எழுதியது. அதிடம் 'எக்ஸாமின்' என்று கேட்டால், எதையும் மாற்றாமல், ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியாக என்ன கணக்கு எழுதியது என்று படித்துச் சொல்லும். அதில் ஒரு நிகழ்ச்சி எண் இருக்கும். குடும்பத்தில் ஏதாவது நடக்க நடக்க ஏறிக்கொண்டே போகும். ஒன்றும் நாலும் ஒரே எண். இரண்டாவது கொஞ்சம்தான் பின்னால். மூன்றாவது எங்கேயோ தையில் நின்றுவிட்டது.

இது எனக்குப் புரிந்தது. நாலு பேரேடுகளில் இரண்டு இன்றைக்கு வரை எழுதியவை. ஒன்று நேற்று ராத்திரி வரை. இன்னொன்று தைக்குப் பிறகு திறக்கவே இல்லை. எந்த ஆடிட்டரும் முதல் மூன்றை வைத்துத்தான் கணக்கை முடிப்பார். பொங்கல் கணக்கை வைத்து தீபாவளி பாலன்ஸ் போட முடியுமா?

ஆனால் இரண்டாவதுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை. சில இடங்களைப் படிக்கத் திணறியது. நல்லவேளை, 'டிக் டிக்' என்று சத்தம் போடவில்லை. (உங்கள் டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் உடனே அணைத்துவிட்டு, திறந்து பார்க்கிற வசதியுள்ள லேபில் கொடுங்கள். குலுக்கிப் பார்க்காதீர்கள். அது இருமல் மருந்து பாட்டில் இல்லை.)

சென்னைக்கு ஓடி, ரிச்சி தெருவில் புது டிஸ்க்குகள் வாங்கி வந்தேன். நோயாளியை அப்படியே நகல் எடுக்க வேண்டும். அதற்கு 'டிடிரெஸ்க்யூ' என்று ஒரு இலவசப் புண்ணியவான் இருக்கிறது. பந்தியில் பரிமாறுகிற மாதிரி வேலை செய்யும். சுலபமாகக் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளும். தகராறு செய்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப்போகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து அவற்றிடம் கெஞ்சும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடம் எழுதி வைத்திருக்கும். ஐப்பசி மழையில் தாமலில் கரண்ட் எத்தனை தரம் போனது என்று கேட்காதீர்கள்.

பெரும்பகுதி ஒரு ராத்திரியில் வந்துவிட்டது. மிச்சத்துக்காக மூன்று நாள் கெஞ்சியது. கடைசியில் எட்டாத தூரத்தில் நின்றது அறுநூறு கிலோபைட் மாதிரி. இரண்டு டெராபைட்டில் இது சமுத்திரத்தில் ஒரு சொம்பு.

பிறகு ஒன்று, நாலு, இரண்டாவதின் நகல், மூன்றையும் சேர்த்து, 'எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, சேரு' என்று வற்புறுத்தினேன். அதுவும் நேராக டிஸ்க்கின் மேல் இல்லை. மாமா டிசைன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துத் திருத்திப் பார்ப்பாரே, அந்த மாதிரி லினக்ஸில் ஒரு வித்தை இருக்கிறது. எழுதுவதெல்லாம் மேலே உள்ள தாளில் விழும். அசலில் கீறல் விழாது.

சேர்ந்தது. ஃபோல்டர்கள் திறந்தன. அத்தை கற்பூரம் ஏற்றினார்.

*

அன்னபட்சி ஃபோல்டரைத் திறந்தேன். முதல் ஷீட் வந்தது. இரண்டாவது வந்தது. நாலாவதும் வந்தது. மூன்றாவதில் மேல் பாதி இருந்தது. கீழே சாம்பல் நிறப் பட்டை. அன்னத்துக்குத் தலை இருக்கிறது, கழுத்து இல்லை.

சமுத்திரத்தில் ஒரு சொம்புதான். ஆனால் அந்தச் சொம்பில்தான் கழுத்து இருந்தது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட வா" என்றார். இட்லி இறங்கவில்லை. நாலு போண்டா ஞாபகம் வந்தது.

கையலம்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்றாம் நம்பர் டிஸ்க். தையில் விலகியது. அதை ஏன் ஒதுக்கினேன்? அதற்குப் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது என்பதால். சரி. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது? அன்னபட்சி 2015-ல் எழுதியது. அதன் பிறகு அந்த இடத்தை யாரும் தொடவே இல்லை. அந்த இடத்தைப் பொறுத்தவரை மூன்றாவது டிஸ்க்கின் கையில் இருக்கிற புளியங்கொட்டை இன்றைக்கும் சரியான புளியங்கொட்டைதான்!

ஓடினேன். இந்தத் தடவை இரண்டாவதை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒன்று, மூன்று, நாலு. மறுபடி டிரேசிங் பேப்பர். 'ரிப்பேர் செய்யட்டுமா?' என்று கேட்கிற எதையும் ஓட விடாமல், படிக்க மட்டும் திறந்தேன். தைக்குப் பிறகு பெட்டியில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால் பெரிதாகக் குழம்பவில்லை. சமீபத்திய ஃபைல்கள் சில கந்தரகோலம். பழையவை பளிச்.

மூன்றாவது ஷீட் முழுசாக வந்தது. அன்னம் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஓரத்தில் மாமாவின் பென்சில் எழுத்து, பேத்தி பிறந்த தேதியோடு.

இது எனக்கு மட்டும் தோன்றிய புது வித்தை இல்லை. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பிக்க இதைத்தானே செய்தார்? ஊர் ஊராகப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி, ஒன்றில் செல்லரித்த இடத்தை இன்னொன்றைப் பார்த்துச் சரி செய்தார். பிரதிகள் வேறு வேறு ஊரில், வேறு வேறு வீட்டில் இருந்ததால் பிழைத்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 புத்தகங்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளைத் திரும்பத் தர எந்தக் கருவியும் இல்லை.

என் தப்பும் அங்கேதான். ரெய்டு என்பது துணைக்கு ஆள். நகல் இல்லை. நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே கரண்ட்டில் இருந்தால், ஒரு இடி போதும். தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தாலும், நாலும் ஒற்றுமையாக அழித்துவிடும். 1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' படத்தை யாரோ ஒரு கமாண்டில் அழித்துவிட்டார்கள். ஆபீஸ் பேக்கப்பும் காலை வாரியது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு அம்மாளின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். விதி இவ்வளவுதான்.

மொத்தத்தில் நிச்சயதார்த்தப் படங்கள் 14 போயின. கவலைப்பட யாருமில்லை, அவை எல்லோர் போனிலும் இருந்தன. 2016-ல் நான் பாதியில் விட்ட நாவல் ஒரு எழுத்து சேதமில்லாமல் கிடைத்தது. அதைக் கேட்கவும் யாருமில்லை.

*

மூன்றாவது டிஸ்க் கதையை அத்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, வீட்டை விட்டுப் போனவன்கிட்டதான் பழசெல்லாம் பத்திரமா இருக்கும்னு சொல்லு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமாவின் மூத்த மகன் 'தறியும் வேணாம், டிசைனும் வேணாம்' என்று சண்டை போட்டுக்கொண்டு 2008-ல் பெங்களூர் போனவர். அப்பா காரியத்துக்கு வந்தவர், முடிந்ததும் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் தாமல் பக்கம் வரவில்லை.

வேறு ஊரில் ஒரு பிரதி வேண்டுமே? நானே போன் செய்தேன். "ஒரு டிஸ்க் இருக்குண்ணா. உங்க வீட்ல வெச்சுக்கணும். கூரியர்ல அனுப்பினா அடிபடும்" என்றேன். கடைசி வரி பாதி நிஜம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்தார். லேப்டாப்பில் அன்னபட்சியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு ஷீட்டாக நகர்த்தியவர் மூன்றாவதில் நின்றார்.

"இதுக்கு நான்தான் கலர் அடிச்சேன். பதினாலு வயசு எனக்கு. கழுத்துக்கிட்ட ஒரு கட்டம் தள்ளி அடிச்சு, அப்பாகிட்ட ஸ்கேலால வாங்கினேன். தோ பாரு, அழிச்ச தடம்."

எட்டு வருஷமாக அந்த ஃபைல் என்னிடம் இருந்தது. அந்தத் தடத்தை நான் பார்த்ததே இல்லை.

அத்தை உள்ளேயிருந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"மாசம் ஒருதரம் இதை எடுத்தாந்து, புதுசு இருந்தா சேத்துக்கணுமாம்பா. இல்லன்னா கெட்டுடுமாம். இவன்தான் சொன்னான்" என்று என்னைக் காட்டினார்.

வருஷத்துக்கு ஒரு தரம் போதும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

வாயைத் திறக்கவில்லை.